சிகரெட் கம்பெனி காப்பாற்றிய மெட்ராஸ் பாட்டு

நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் பழைய ரேடியோ செட்காரர் வீடு ஒன்று தெரியுமா? இருந்தால் ஒருமுறை பரணை எட்டிப் பாருங்கள். மாரியம்மன் நோம்பிக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, விடியற்காலையில் சீர்காழியையும் சாயங்காலத்தில் டி.எம்.எஸ்ஸையும் ஊருக்கே ஒலிக்கவிட்டவர்கள் இந்த ரேடியோ செட்காரர்கள். அவர்களுடைய முதலீடு ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு. பக்திப் பாட்டு, கல்யாண வீட்டுப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று பெட்டி நிறைந்திருக்கும். சேலத்திலோ மெட்ராஸிலோ மொத்தமாக வாங்கும்போது கூடவே வந்து சேர்ந்த ஓர் இங்கிலீஷ் தட்டு அடியில் கிடக்கும். எந்த நோம்பியிலும் யாரும் போடச் சொல்லிக் கேட்காத தட்டு அது.

அப்படிப்பட்ட தட்டுகளுக்குத்தான் இன்று உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள். அதிலும் 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த சைக்கடெலிக் ராக், புரோக்ரஸிவ் ராக் தட்டு என்றால் தனி மவுசு. ஸ்வீடன் நாட்டில் அந்தக் காலத்தில் வந்த ஆல்பங்களை இசை ரசிகர்கள் பொக்கிஷம்போல வைத்துப் பேசுகிறார்கள். பனியும் பைன் மரமும் நிறைந்த, அன்றைக்கு 80 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு அது. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை நான்கு கோடிக்கும் மேல். அதே ஆண்டுகளில் நம் பக்கத்துப் பையன்கள் யாரும் கிடாரைக் கையில் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். சொந்தமாகப் பாட்டும் கட்டினார்கள். மெட்ராஸைச் சேர்ந்த ‘தி கன்ஃபியூஷன்ஸ்’ குழுவின் பாட்டு ஒன்று இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’ என்பது அதன் பெயர். உள் ஆன்மாவின் குரல் என்று அர்த்தம். அந்தக் குரலைக் காப்பாற்றியது ஓர் இசை அகாடமியோ வானொலி நிலையமோ அல்ல. ஒரு சிகரெட் கம்பெனி!

மூன்றரை நிமிடத்தை உடைத்தவர்கள்

கதைக்குள் போகும் முன் இந்த இரண்டு வார்த்தைகளையும் கொஞ்சம் அவிழ்த்துவிடலாம். சைக்கடெலிக் என்றால் மனதின் எல்லைகளை விரிக்கிற இசை என்று அந்தத் தலைமுறை சொல்லிக்கொண்டது. போதைப் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால், இசையாக மட்டும் பார்த்தால் அடையாளம் எளிது. கிடாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பார்கள். குரலுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எதிரொலி சேர்ப்பார்கள். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் நிற்பார்கள். தம்பூராவின் ரீங்காரத்தோடு வளர்ந்த காதுகளுக்கு இந்தக் கடைசி விஷயம் புதிதே இல்லை.

புரோக்ரஸிவ் ராக் என்பது அடுத்த படி. 78 வேகத்தில் சுற்றும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பதிய முடியும். உலகம் முழுக்கப் பாட்டுகள் அந்த நீளத்துக்கே பழகிப்போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எல்.பி. தட்டு வந்தபோது ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் நீண்டது. அந்த இடத்தை நான்கைந்து பாட்டுகளால் நிரப்பாமல், ஒரே பாட்டை ராகம் தானம் பல்லவி போல வளர்த்துக்கொண்டு போனவர்கள்தான் புரோக்ரஸிவ்காரர்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதுவும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியப்பட்டது மேற்கத்திய உலகம்.

அந்த ஆச்சரியத்தில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1965-ல் பீட்டில்ஸ் பாட்டொன்றில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்தார். 1967-ல் அமெரிக்காவின் மான்டரே விழாவிலும் 1969-ல் வுட்ஸ்டாக்கிலும் ரவிசங்கர் மேடையேறினார். 1968-ன் தொடக்கத்தில் பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்கே வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நம் சிதாரைத் தேடி வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நம் கல்லூரிப் பையன்கள் அவர்களுடைய கிடாரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

அலைந்தார்கள் என்பது வெறும் வார்த்தை இல்லை. வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிடார் என்பது இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தாண்டி, யாராவது கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவந்தால்தான் உண்டு. புதுப் பாட்டு தெரிய வேண்டுமென்றால் இலங்கை வானொலியைத் திருக வேண்டும். பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் பழைய 78 வேகத் தட்டாகவும் வெளிவந்தன. மற்ற நாடுகள் அந்த வேகத்தை எப்போதோ தலைமுழுகிய பிறகும், கையால் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இங்கே நிறைய வீடுகளில் இருந்ததே காரணம். அந்த இந்திய பீட்டில்ஸ் 78 தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

சண்முகானந்தா ஹாலில் கிடார் சத்தம்

அன்றைய இம்பீரியல் டொபாக்கோ கம்பெனிக்கு ‘சிம்லா’ என்றொரு சிகரெட் பிராண்ட் இருந்தது. அதை இளைஞர்களிடம் கொண்டுபோக அவர்கள் பிடித்த வழி, அகில இந்திய அளவிலான இசைக்குழுப் போட்டி. பெயர் ‘சிம்லா பீட் கான்டெஸ்ட்’. 1960களின் பிற்பகுதியில் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை நடந்தது. ஷில்லாங்கிலிருந்து ‘ஃபென்டோன்ஸ்’, கல்கத்தாவிலிருந்து ‘கிரேட் பேர்’, பம்பாயிலிருந்து ‘வெல்வெட் ஃபாக்’, மெட்ராஸிலிருந்து ‘கன்ஃபியூஷன்ஸ்’ என்று நாலா திசையிலிருந்தும் பையன்கள் கிளம்பினார்கள்.

இறுதிச் சுற்று நடந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். பம்பாய் சண்முகானந்தா ஹால்! மாட்டுங்கா வட்டாரத்துத் தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்கள், கர்னாடக இசைக் கச்சேரிக்கென்று சபா தொடங்கி, காசு சேர்த்துக் கட்டிய அரங்கம் அது. முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் மாமாக்கள் உட்கார்ந்த நாற்காலிகளில், போட்டி நாளன்று பெல்பாட்டம் போட்ட பையன்கள். தியாகராஜர் ஒலித்த மேடையில் கரகரக்கும் கிடார். மாமாக்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

போட்டியின் விளைவாக இரண்டு எல்.பி. தட்டுகள் வந்தன. ‘சிம்லா பீட் 70’, ‘சிம்லா பீட் 71’. பெயரைப் போலவே 1970, 1971 ஆண்டுகளுக்கானவை. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த குழுக்களுக்கு ஆளுக்கு ஓரிரு பாட்டு. சிலர் அமெரிக்க, இங்கிலாந்துக் குழுக்களின் பாட்டையே திரும்ப வாசித்தார்கள். சிலர் துணிந்து சொந்தப் பாட்டு போட்டார்கள். நம் மெட்ராஸ் பையன்களின் ‘உள் ஆன்மாவின் குரல்’ 70-ஆம் ஆண்டுத் தட்டில் இருக்கிறது. 71-ல் ஷில்லாங் ஃபென்டோன்ஸ் வாசித்த ‘சிம்லா பீட் தீம்’ என்ற துண்டும் உண்டு. அதாவது விளம்பர இசை. சிகரெட் கம்பெனி தன் காரியத்தில் கண்ணாக இருந்தது.

உடம்பைக் கெடுக்கிற பொருளை விற்க நடந்த போட்டி என்பதில் இன்றைக்கு யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், அந்தப் பையன்களைப் பதிவுக்கூடத்துக்குள் அழைத்த கை அது ஒன்றுதான். அன்றைய இசைத்தட்டுத் தொழில் கிட்டத்தட்ட முழுக்க கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. கல்கத்தா டம்டமில் அதன் தொழிற்சாலை. அங்கே அச்சு சுற்றியது பெரும்பாலும் சினிமாப் பாட்டுக்காக. இங்கிலீஷில் பாடும் நான்கு கல்லூரிப் பையன்களுக்கு ஒரு முழு எல்.பி. போட வியாபாரக் காரணமே இல்லை. அதனால்தான் இந்தியாவின் அந்தக் கால ராக் இசை என்று கையில் தொட்டுப் பார்க்க மிஞ்சியதில் பெரும்பங்கு இந்த இரண்டு விளம்பரத் தட்டுகளாக இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து, அந்தத் தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிட்டது யார் தெரியுமா? ஜெர்மனிக்காரர்கள். பத்திரிகையாளர் சித்தார்த் பாட்டியா, ‘இந்தியா சைக்கடெலிக்’ என்ற புத்தகத்தில் அந்தத் தலைமுறையின் கதையை எழுதினார். அது வந்தது 2014-ல். போட்டி முடிந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. கிடார் வாசித்த பையன்கள் தாத்தா ஆகியிருந்தார்கள்.

கோடை வீட்டில் பிறந்த ஆல்பம்

இப்போது ஸ்வீடனுக்கு ஒரு நடை போய்வரலாம். 1967-ல் ஆர்கன் வாசிக்கும் போ ஹான்சன், டிரம்ஸ் வாசிக்கும் யான்னே கார்ல்சன் என்று இரண்டே பேர் சேர்ந்து ‘ஹான்சன் அண்ட் கார்ல்சன்’ என்று மேடையேறினார்கள். பாடகர் கிடையாது, கிடார் கிடையாது. ஸ்டாக்ஹோம் வந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இவர்களோடு சேர்ந்து வாசித்தார். ஹான்சனின் ‘டாக்ஸ் ஃப்ரீ’ என்ற மெட்டைப் பிறகு தானே பதிவும் செய்தார். உலகத்தின் முதல் வரிசைக் கிடார் கலைஞர், ஒரு சின்ன நாட்டுக்காரரின் மெட்டை எடுத்து வாசித்தது அங்கே பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

ஹான்சன் பிறகு தனியாக ஓர் ஆல்பம் செய்தார். டோல்கினின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் படித்த மயக்கத்தில் பிறந்த ‘சாகன் ஓம் ரிங்கென்’. ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஒரு தீவில், கோடை விடுமுறைக்குப் போகிற வீட்டில் கருவிகளை இறக்கிவைத்துப் பதிவு செய்தார்கள். 1970-ல் அதை வெளியிட்டது ‘சைலன்ஸ்’ என்ற புத்தம்புது சின்ன கம்பெனி. இரண்டே வருடத்தில் அது இங்கிலாந்துக்குப் போய், இங்கிலீஷ் பெயரோடு உலகச் சந்தைக்கு வந்தது. பாட்டு வரி ஒன்றுகூட இல்லாத, கருவி இசை மட்டுமே கொண்ட ஆல்பம் அது!

இன்னும் சுவாரஸ்யமானது ‘எல்யார்னாஸ் ட்ரேட்கோர்ட்’ என்ற கோதன்பர்க் நகரத்துக் குழு. கடமான்களின் தோட்டம் என்று பொருள். 1972-ல் வந்த இவர்களின் ஆல்பத்துக்குப் பெயர், ‘எதிர்காலம் ஒரு மிதக்கும் கப்பல், பழங்காலத்தில் நங்கூரமிட்டது’. பெயரே ஒரு கவிதை மாதிரி இருக்கிறது. அதில் பழைய ஐரோப்பிய நரம்புக் கருவிகளுக்குப் பக்கத்திலேயே சிதாரும் தபலாவும் கேட்கும். ‘கெப்னெகைசெ’ என்ற குழு, தங்கள் நாட்டுக் கிராமத்து வயலின் மெட்டுகளை எடுத்து எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்தது. நம் ஊர் ஜமாப் அடியையும் பெருஞ்சலங்கை ஆட்டத்து மெட்டையும் எடுத்து ஒரு ராக் குழு 1973-லேயே எல்.பி. போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்படி ஒரு காரியம் அது.

எல்லாமே அங்கும் சுகமாக நடந்துவிடவில்லை. ‘பேர்சன் சவுண்ட்’ என்ற குழு 1967, 68-ல் வாசித்ததெல்லாம் அந்தச் சமயத்தில் தட்டாக வரவே இல்லை. ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போகும் அந்த இசையை யார் வாங்குவார்கள்? ஆனால், ஒலிநாடாக்கள் பத்திரமாக இருந்தன. 2001-ல் அவை ஆல்பமாக வந்தபோது, முப்பது வருடம் முன்பு இப்படி வாசித்திருக்கிறார்களா என்று உலக ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். அதே ஆட்கள்தான் பெயரை மாற்றி மாற்றிக் கடைசியில் ‘மரம், புல், கல்’ என்று அர்த்தம் வருகிற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது திறமையை அல்ல. திறமை நம் பக்கமும் இருந்தது. அங்கே இரண்டு விஷயங்கள் கூடுதலாக இருந்தன. ஒன்று, பெரிய கம்பெனியை நம்பாத சின்ன கம்பெனிகள். இன்னொன்று, சொந்த மொழி. தொடக்கத்தில் இங்கிலீஷில் பாடிய ஸ்வீடன் பையன்கள், 1970 வாக்கில் தங்கள் மொழிக்கும் தங்கள் மெட்டுக்கும் திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு ஸ்டாக்ஹோமின் யார்டெட் மைதானத்தில் இசைக்குழுக்களே சேர்ந்து இலவசத் திருவிழா நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். இங்கே நம் பையன்கள் கடைசிவரை இங்கிலீஷிலேயே பாடினார்கள். கல்லூரி வாசலைத் தாண்டி அந்தப் பாட்டு மவுன்ட் ரோடுக்கே வரவில்லை, நாமக்கல் கோட்டைக்கு எப்படி வரும்?

ஜெமினியில் தொடங்கிய ஒரு குடும்பம்

இந்திய சைக்கடெலிக் என்றதும் உலகம் சொல்லும் முதல் பெயர் ஆனந்த சங்கர். ரவிசங்கரின் அண்ணன் மகன். அப்பா, நடனக் கலைஞர் உதயசங்கர். இந்தக் குடும்பத்துக்கும் மெட்ராஸுக்கும் உறவு உண்டு. உதயசங்கர் தன் ஒரே திரைப்படமான ‘கல்பனா’வை எடுத்தது ஜெமினி ஸ்டூடியோவில்தான். 1948-ல் வந்த அந்தப் படம்தான் நம் பத்மினிக்கு முதல் படம்.

ஆனந்த சங்கர் அமெரிக்கா போனார். 1970-ல் சிதாரையும் மூக் சின்தசைசரையும் ஒன்றாக உட்காரவைத்து ஓர் ஆல்பம் போட்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஜம்ப்பின் ஜாக் ஃபிளாஷ்’ அதில் சிதாரில் ஒலிக்கும். 1975-ல் இந்தியாவில் வந்த அடுத்த ஆல்பத்தில் ‘டான்சிங் டிரம்ஸ்’, ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா’ என்று இரண்டு இசைத் துண்டுகள். மிருதங்கமும் கிடாரும் சிதாரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடும். 1990களில் லண்டன் டி.ஜே.க்கள் பழைய தட்டுக் கடையில் இதைக் கண்டெடுத்து நடன அரங்குகளில் போட, புது மவுசு வந்தது. அந்த மவுசைக் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு 1999-ல் ஆனந்த சங்கர் காலமானார்.

பம்பாயின் ‘அடாமிக் ஃபாரஸ்ட்’ கதை இன்னும் வேடிக்கை. 1970களில் மேடைகளைக் கலக்கிய குழு. ஆல்பத்தின் பெயர் ‘அப்செஷன் 77’. கடைக்கு வந்தது 1981-ல்! அதற்குள் குழுவே கலைந்துபோயிருந்தது. 2011-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று தூசு தட்டி மறுபடி வெளியிட்டது.

மெட்ராஸ்காரர் ரமேஷ் ஷோதம் அவருடைய சகோதரர் சுரேஷோடு சேர்ந்து தொடங்கிய ‘ஹியூமன் பாண்டேஜ்’ குழுவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அன்றைய இந்தியாவின் முக்கியமான ராக் குழுக்களில் ஒன்று என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் பேச்சுதான் மிச்சம், ஆல்பம் வரவில்லை. டிரம்ஸ் வாசித்த ரமேஷ் என்ன செய்தார் தெரியுமா? பெங்களூரு போய்த் தவில் கற்றுக்கொண்டார். பிறகு ஜெர்மனி போய் அங்கேயே தங்கி, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் தவிலும் கடமும் வாசிக்கும் கலைஞரானார். அவர் நடத்திய குழு ஒன்றின் பெயர் ‘மெட்ராஸ் ஸ்பெஷல்’.

இந்த வரிசையில் ‘சக்தி’ குழுவைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினோடு ஜாகிர் உசேன், வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம். 1976-ல் முதல் தட்டு. பெரிய அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. அதனால் அது தொலையவில்லை.

அந்தச் சத்தம் எங்கே போனது?

நாமக்கல்காரர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேட்டார்கள், சினிமாப் பாட்டுக்கு நடுவில். கரகரக்கும் கிடாரும், பேஸ் கிடாரின் நடையும், விசித்திரமான கீபோர்டு ஒலியும் கிளப் டான்ஸ் காட்சிகளிலும் கனவுக் காட்சிகளிலும் மெல்லப் புகுந்தன. 1979-ல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் கதையே ஓர் இசைக்குழுவைப் பற்றியது. எம்.எஸ்.வி. இசையில் கமலும் ரஜினியும் கிடாரோடு சிங்கப்பூர் போனார்கள். தமிழ் வீட்டுப் பெண்கள் ராக் குழு என்ற ஒன்றை முதன்முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தது அநேகமாக அந்தப் படத்தில்தான். இலங்கையிலிருந்து ஏ.ஈ.மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்து, தமிழில் பாப் பாடலாம் என்று காட்டியதும் அந்தப் பத்து ஆண்டுகளில்தான்.

இளையராஜாவே ஒரு கிடார் கலைஞர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வில் தேறியவர். 1986-ல் அவர் சினிமாவுக்கு வெளியே வந்து ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போட்டார். பாட்டு வரி கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னால் நடக்க, பின்னால் மேற்கத்திய இசையின் ஃபியூக் அமைப்பு. பெயர் வைக்கத் தெரியாத இசை என்று அவரே தலைப்பில் சொல்லிவிட்டார். ஸ்வீடன் நாட்டு போ ஹான்சனின் ஆல்பத்துக்குத் தமிழ்நாட்டில் ஓர் உறவு வேண்டுமென்றால் அது இதுதான். இரண்டு வருடம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. இந்த இரண்டும் தொலைந்துபோகவில்லை. இளையராஜா என்ற பெயர் காப்பாற்றியது.

காப்பாற்றப்படாதது வேறொன்று. வாசித்தவர்களின் பெயர். அன்றைய சினிமா இசைத்தட்டின் உறையில் படத்தின் பெயர், நடிகர்களின் படம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் இருப்பார்கள். கிடார் வாசித்தது யார், டிரம்ஸ் யார் என்று வழக்கமாக இருக்காது. ‘இளைய நிலா’வின் கிடாரைக் கேட்டு உருகாத தமிழர் உண்டா? 1982-ல் அதை வாசித்த ஆர்.சந்திரசேகரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்வீடனின் 1970-ஆம் ஆண்டுத் தட்டு உறையைத் திருப்பினால் டிரம்ஸ் வாசித்தது ரூனே கார்ல்சன் என்று தெரிந்துவிடும்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நாமக்கல்லில் ஒருவர் நாற்பது பக்கக் கவிதைப் புத்தகம் போட்டால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பிரதிகளைப் பதிப்பாளர் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும். புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள அந்தக் கட்டாயம், இசைத்தட்டுக்குக் கிடையாது. ஸ்வீடன் 1979-ல் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கென்றே தேசியக் காப்பகம் வைத்து, வெளியாகும் தட்டுகளின் பிரதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டது. இங்கே சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சில இடங்கள்தான் பழைய கிராமபோன் தட்டுகளையும் சேர்த்துவைக்கின்றன. மீதியெல்லாம் தனி ஆட்களின் பைத்தியத்தால் பிழைத்திருக்கிறது. நல்ல பைத்தியம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1970-ல் வந்த தட்டு 2030 கடைசிவரை உரிமைக்குள் இருக்கும். 2031 ஜனவரி 1 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்து வெளியிடலாம். ஆனால் எடுப்பதற்குத் தட்டு இருக்க வேண்டுமே! பதிவுக்கூடத்தின் மூல ஒலிநாடா பூசணம் பிடித்துப் போயிருந்தால், கீறல் விழுந்த ஒரு தட்டுதான் கடைசி சாட்சி.

ஆகவே மறுபடி அந்தப் பரணுக்கு. வீட்டில் பழைய தட்டு இருந்தால் படுக்கவைத்து அடுக்காதீர்கள், மேல் பாரத்தில் வளைந்துவிடும். புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள். ஓட்டு வீட்டுப் பரணின் சித்திரை வெயில் தட்டுக்கு ஆகாது, கீழே இறக்கி ஓர் அலமாரியில் வையுங்கள். கனமாக, கீழே போட்டால் சில்லுச் சில்லாக உடைகிற பழைய 78 தட்டு என்றால் அது அரக்குத் தட்டு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கோட்டில் விரல் படக் கூடாது.

போகிக்கு முன்னால் தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று குரல் வரும். தகரப் பெட்டிக்கு நல்ல எடை இருக்கும், உள்ளே இருப்பதோடு சேர்த்தே போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நடுவில் இருக்கும் வட்டக் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். நடிகர் படம் இல்லாத உறை, கேள்விப்படாத இங்கிலீஷ் பெயர், ‘சிம்லா’ என்ற எழுத்து தென்பட்டால் அதைத் தனியாக எடுத்துவையுங்கள். தாத்தா திட்டினாலும் பரவாயில்லை, இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.